ஜர்னைல் சிங்: தலையில் தையலுடன் களமிறங்கி இந்தியாவுக்குத் தங்கம் தேடித்தந்த தடுப்பாட்டக்காரர்

இந்தியக் கால்பந்து அணி ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கடைசியாகத் தங்கப் பதக்கம் வென்றது 1962-ஆம் ஆண்டில். ஜகார்த்தாவில் நடைபெற்ற அந்த இறுதிப்போட்டியில் இந்தியா அடித்த இரண்டு கோல்களில் ஒன்றை அடித்தவர், கோல் அடிப்பதற்காக அணியில் சேர்க்கப்பட்டவர் அல்லர். எதிரணி கோல் அடிக்காமல் தடுப்பதற்காகச் சேர்க்கப்பட்டவர். தலையில் தையல் போடப்பட்ட நிலையில் முன்களத்தில் நிறுத்தப்பட்ட அந்த வீரரின் பெயர் ஜர்னைல் சிங் தில்லான்.

ரோம் ஒலிம்பிக், ஆசிய விளையாட்டுப் போட்டி, ஆசியக் கோப்பை ஆகிய மூன்று பெரும் களங்களிலும் இந்தியாவின் தடுப்பரணாக நின்றவர் அவர். பின்னர் இந்திய அணியின் தலைவராகவும், பஞ்சாப் அணியின் பயிற்சியாளராகவும், அம்மாநில விளையாட்டுத் துறையின் இயக்குநராகவும் பணியாற்றினார். அவர் மறைந்து கால் நூற்றாண்டு ஆகிறது. ஆயினும், இந்தியாவின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் யார் என்ற கேள்வி எழும்போதெல்லாம் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்றாக அவருடைய பெயர் இன்றும் உள்ளது.

ஹோஷியார்பூரின் மைந்தர்

ஜர்னைல் சிங் 1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி பிறந்தார். பஞ்சாப் மாநிலம் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் உள்ள பனாம் கிராமம் அவருடைய சொந்த ஊர். 1947-இல் நாடு விடுதலை பெற்றபோது பஞ்சாப் இரண்டாகப் பிளவுபட்டது. இலட்சக்கணக்கான குடும்பங்கள் எல்லையைக் கடந்தன, எண்ணற்றோர் உயிரிழந்தனர். அப்போது ஜர்னைல் சிங்குக்கு 11 வயது. அந்தத் தலைமுறைப் பஞ்சாபிச் சிறுவர்கள் அனைவரும் அத்துயரத்தின் நிழலிலேயே வளர்ந்தனர்.

ஹோஷியார்பூர் மாவட்டத்தின் மாஹில்பூர் என்ற சிற்றூர் பஞ்சாப் கால்பந்தின் நாற்றங்கால் என அழைக்கப்படுகிறது. அங்குள்ள ஸ்ரீ குரு கோவிந்த் சிங் கால்சா கல்லூரியின் முதல்வராக இருந்த ஹர்பஜன் சிங், கல்லூரியில் கால்பந்தை ஊக்குவித்தவர். அவருடைய நினைவாக இன்றும் மாஹில்பூரில் கால்பந்துப் போட்டி நடத்தப்பட்டு வருகிறது. ஜர்னைல் சிங் இக்கல்லூரி அணிக்காக விளையாடியே தம் திறமையை வளர்த்துக்கொண்டார்.

கல்லூரி நாள்களில் அவர் முன்களத்திலும் விளையாடியவர் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. பிற்காலத்தில் இந்தியாவுக்குப் பெரும் பயன் அளிக்கப்போகும் அனுபவம் அது. எனினும், உயரமும் உடல் வலிமையும் அஞ்சாமையும் அவரைத் தடுப்பாட்டத்தின் பக்கமே கொண்டு சென்றன.

கொல்கத்தா மைதானத்தில்

1950-களில் இந்தியக் கால்பந்தில் பெயர் பெற விரும்பிய எந்த வீரரும் கல்கத்தாவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஹைதராபாத், பெங்களூரு, கேரளம், பஞ்சாப் என நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வீரர்கள் அந்நகருக்கு வந்து குவிந்தனர். ஜர்னைல் சிங்கும் அவ்வாறே அங்கு சென்று, முதலில் ராஜஸ்தான் கிளப்பில் சேர்ந்தார். அங்கு அவர் வெளிப்படுத்திய ஆட்டம் பெரிய கிளப்புகளின் கவனத்தை ஈர்த்தது. 1959-இல் மோகன் பகான் அவரைத் தன் அணியில் இணைத்துக்கொண்டது.

1889-இல் தொடங்கப்பட்ட மோகன் பகான், 1911-இல் வெறுங்காலுடன் ஆடி ஆங்கிலேயர் அணியை வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்ற கிளப். தடுப்பாட்டக்காரர்களைக் கொண்டாடும் மரபு அக்கிளப்புக்கு உண்டு. சீனப் பெருஞ்சுவர் என்று அழைக்கப்பட்ட கோஷ்டோ பால் அங்கு விளையாடியவர். 1951-இல் புதுடெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் சைலேன் மன்னாவும் அக்கிளப்பின் தடுப்பாட்டக்காரரே. அவ்வரிசையில் மூன்றாவது பெயராக ஜர்னைல் சிங் இடம்பெற்றார்.

முந்தைய இருவரும் வங்காள மண்ணைச் சேர்ந்தவர்கள். ஜர்னைல் சிங்கோ, மொழியும் பண்பாடும் வேறான பஞ்சாபிலிருந்து வந்தவர். உச்சிக்கொண்டையுடன் களத்தில் நின்ற அந்தச் சீக்கிய இளைஞரை மோகன் பகான் ரசிகர்கள் தங்களில் ஒருவராகவே ஏற்றுக்கொண்டனர். ஏறத்தாழ பத்தாண்டுகள் அவர் அக்கிளப்பில் விளையாடினார்.

அந்தக் காலகட்டம் மோகன் பகானின் பொற்காலங்களில் ஒன்று. 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற அக்கிளப், 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அப்பட்டத்தைத் தக்கவைத்தது. 1963, 1964, 1965 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் டூரண்ட் கோப்பையைக் கைப்பற்றியது. முன்களத்தில் சுனி கோஸ்வாமி கோல்களுக்கு வழிவகுக்க, பின்களத்தை ஜர்னைல் சிங் காத்தார்.

தடுப்பாட்டத்தின் மாற்றம்

ஜர்னைல் சிங்கின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்ள அக்காலத்து ஆட்டமுறையையும் அறிந்துகொள்வது அவசியமாகும். பழைய முறையில் ஓர் அணி இரண்டு தடுப்பாட்டக்காரர்களுடனும் ஐந்து முன்கள வீரர்களுடனும் களமிறங்கும். பின்னர் மூன்று தடுப்பாட்டக்காரர்களைக் கொண்ட முறை பரவியது. 1958 உலகக் கோப்பையைப் பிரேசில் வென்றபோது, நான்கு தடுப்பாட்டக்காரர்கள், இரண்டு நடுக்கள வீரர்கள், நான்கு முன்கள வீரர்கள் என்ற 4-2-4 அமைப்பு உலகின் கவனத்தைப் பெற்றது.

இந்த மாற்றங்களைக் கூர்ந்து கவனித்தவர் இந்திய அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆசிரியரான அவர், இந்தியாவிலும் 4-2-4 முறையைப் புகுத்தினார். பின்களத்தின் மையத்தில் இருவர் நிற்கும் இம்முறையில், பந்து வரும் திசையை முன்கூட்டியே கணிப்பவரும், வானில் வரும் பந்தைத் தலையால் முட்டி விலக்குபவரும், எதிரணியின் தாக்குதல் வீரரை நேருக்கு நேர் எதிர்கொள்பவரும் தேவைப்பட்டனர். ஜர்னைல் சிங்கிடம் இம்மூன்று திறமைகளும் ஒருங்கே இருந்தன.

அவருடைய டேக்கிள்கள் கடுமையானவை. மழைக்காலத்தில் சேறும் நீருமாக மாறிவிடும் கல்கத்தா மைதானத்தில், சறுக்கியபடி பாய்ந்து எதிராளியின் காலிலிருந்து பந்தைத் தட்டிவிடுவதில் அவர் வல்லவர். கோல் பகுதியிலிருந்து நெடுந்தொலைவுக்குப் பந்தை உதைத்து அனுப்பும் ஆற்றலும் அவருக்கு இருந்தது. அவருக்கு அருகில் நின்று விளையாடிய அருண் கோஷ், பந்தைக் கட்டுக்குள் வைத்து நிதானமாக ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர். ஒருவரின் வேகத்தை மற்றவரின் நிதானம் நிறைவு செய்ததால் இந்தியாவின் பின்களம் வலுப்பெற்றது.

ரோம் ஒலிம்பிக்

1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஜர்னைல் சிங் இந்தியாவுக்காக விளையாடினார். பி.கே. பானர்ஜி தலைமையிலான இந்திய அணி, ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகிய அணிகளுடன் ஒரே குழுவில் இடம்பெற்றிருந்தது. எளிதில் வெல்லக்கூடிய அணி அக்குழுவில் எதுவும் இல்லை.

முதல் ஆட்டத்தில் ஹங்கேரியிடம் 1-2 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. பிரான்ஸுக்கு எதிரான ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. பெருவிடம் 1-3 என்ற கணக்கில் தோல்வி ஏற்பட்டது. குழுச் சுற்றுடன் வெளியேறினாலும், ஐரோப்பாவின் முன்னணி அணிகளுக்கு ஈடுகொடுத்து விளையாடியது இந்திய வீரர்களுக்கு நம்பிக்கை அளித்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற கணக்கில் தோற்ற அணியா இது என்று வியக்கும் அளவுக்கு முன்னேற்றம் தென்பட்டது.

இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் கடைசியாகப் பங்கேற்றது அந்த ரோம் போட்டியில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

ஜகார்த்தாவில் விழுந்த காயம்

1962-ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. சுனி கோஸ்வாமி இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். பி.கே. பானர்ஜி, துளசிதாஸ் பலராம், யூசுஃப் கான், ராம் பகதூர், சந்திரசேகர், திரிலோக் சிங் ஆகியோருடன், தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான பெயர்களைக் கொண்ட பீட்டர் தங்கராஜ், அருமைநாயகம், எதிராஜ் ஆகியோரும் அணியில் இருந்தனர். பயிற்சியாளர் ரஹீம் அப்போது புற்றுநோயால் அவதியுற்று வந்தார்.

தொடக்கம் சாதகமாக அமையவில்லை. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என்ற கணக்கில் வென்றது. ஆனால், அந்த வெற்றிக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பந்துக்காக மோதியபோது ஜர்னைல் சிங்கின் தலையில் பலத்த காயம் ஏற்பட்டது. தையல் போட வேண்டிய நிலை உருவானது.

அணியின் முதன்மைத் தடுப்பாட்டக்காரர் இல்லாத நிலையில் பின்களத்தின் மையப் பொறுப்பு அருண் கோஷிடம் சென்றது. அவர் அதைச் சிறப்பாக நிறைவேற்றினார். ஜப்பானை 2-0 என்ற கணக்கில் வென்ற இந்தியா அரையிறுதிக்கு முன்னேறியது.

இந்த இடத்தில் ரஹீம் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. காயம்பட்ட தலையுடன் ஜர்னைல் சிங்கைப் பின்களத்தில் நிறுத்தினால், வானில் வரும் ஒவ்வொரு பந்தையும் அவர் தலையால் முட்டியாக வேண்டும். முழுமையாக வெளியே உட்கார வைத்தால், அணி தன் துணிச்சல் மிக்க வீரரை இழக்கும். அவர் முன்பு முன்கள வீரராக விளையாடியவர் என்பது ரஹீமுக்கு நினைவில் இருந்தது. பின்களத்தை அருண் கோஷிடமே விட்டுவிட்டு, ஜர்னைல் சிங்கை மைய முன்கள வீரராக இறக்க அவர் தீர்மானித்தார்.

அரையிறுதியில் தென்வியட்நாமை எதிர்கொண்ட இந்தியா 3-2 என்ற கணக்கில் வென்றது. சுனி கோஸ்வாமி இரண்டு கோல்களை அடித்தார்; மற்றொரு கோலை ஜர்னைல் சிங் அடித்தார். ரஹீமின் கணக்கு பலித்தது.

பகைமை கொண்ட அரங்கில் இறுதிப்போட்டி

செப்டம்பர் 4-ஆம் தேதி செனாயன் அரங்கில் நடந்த இறுதிப்போட்டியில் இந்தியாவின் எதிரணி மீண்டும் தென்கொரியா. ஏறத்தாழ ஒரு இலட்சம் பார்வையாளர்கள் திரண்டிருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிரான மனநிலையில் இருந்தனர்.

அதற்குக் கால்பந்து காரணமில்லை. இஸ்ரேல், தைவான் நாடுகளின் வீரர்களை இந்தோனேசியா அனுமதிக்க மறுத்ததைச் சர்வதேச ஒலிம்பிக் குழு உறுப்பினரான இந்தியர் குரு தத் சோந்தி வெளிப்படையாக எதிர்த்தார். ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய நிலைப்பாடு ஜகார்த்தாவில் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. இந்தியத் தூதரகம் முன் ஆர்ப்பாட்டம் நடந்தது. அக்கோபம் விளையாட்டு அரங்கிலும் எதிரொலித்தது. இந்திய வீரர்கள் பந்தைத் தொட்டபோதெல்லாம் எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது.

அந்தச் சூழலில் இந்தியா ஆட்டத்தின் தொடக்கத்திலேயே தாக்கியது. 17-ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். அடுத்த மூன்று நிமிடங்களில் ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். தடுப்பாட்டக்காரராகத் தொடரைத் தொடங்கி, காயமடைந்து, முன்கள வீரராகத் திரும்பி வந்தவர், அரையிறுதி, இறுதி ஆகிய இரண்டு ஆட்டங்களிலும் கோல் அடித்தவரானார்.

அதன்பின் இந்தியா தன் கோலைக் காக்கும் பணியில் ஈடுபட்டது. இறுதிப்போட்டியில் கோல்காப்பாளராக இறங்கிய பீட்டர் தங்கராஜ் தம் உயரத்தைப் பயன்படுத்திப் பந்துகளைத் தடுத்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது தென்கொரியா ஒரு கோலைத் திருப்பியது. ஆயினும், 2-1 என்ற கணக்கில் இந்தியா தங்கம் வென்றது.

அடுத்த ஆண்டு, 1963 ஜூன் 11-ஆம் தேதி ரஹீம் காலமானார். அவருடைய வாழ்க்கையையும் ஜகார்த்தா வெற்றியையும் மையமாகக் கொண்டு உருவான மைதான் என்ற இந்தித் திரைப்படம் 2024-இல் வெளியானது. அதன் வாயிலாக ஜர்னைல் சிங்கின் பெயரும் புதிய தலைமுறையைச் சென்றடைந்தது.

ஒரு காயம் எழுப்பும் கேள்வி

ஜர்னைல் சிங் தையலுடன் களமிறங்கிய நிகழ்வு வீரத்தின் அடையாளமாகவே இதுவரை சொல்லப்பட்டு வருகிறது. அது வீரம்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால், தலைக்காயத்தைப் பற்றிய இன்றைய மருத்துவப் புரிதல் வேறு. தலையில் அடிபட்ட வீரர் முழுமையாகக் குணமடையும் முன் மீண்டும் விளையாடுவது ஆபத்தானது என வல்லுநர்கள் எச்சரிக்கின்றனர். மூளை அதிர்ச்சிக்கு உள்ளானதாகக் கருதப்படும் வீரருக்குப் பதிலாகக் கூடுதல் மாற்று வீரரைக் களமிறக்க இடமளிக்கும் விதி 2024-இல் கால்பந்துச் சட்டங்களில் சேர்க்கப்பட்டது.

1962-இல் அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை. பெரிய மருத்துவக் குழு உடன் செல்லும் வழக்கமும் இல்லை. காயத்தின் வலியைப் பொறுத்துக்கொண்டு விளையாடுவது இயல்பான கடமையாகக் கருதப்பட்ட காலம் அது. ரஹீம் அவரைப் பின்களத்திலிருந்து நகர்த்தியது, கிடைத்த வழிகளுக்குள் அவர் செய்யக்கூடிய ஒரே பாதுகாப்பாக இருந்தது. அந்தத் தங்கத்துக்குப் பின்னால் இருந்த உடல் இழப்பின் அளவைப் பதக்கப் பட்டியல் காட்டுவதில்லை.

ஆசியாவின் தலைவர்

1964-இல் இஸ்ரேலில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது. நான்கு அணிகள் பங்கேற்ற அத்தொடரில் தென்கொரியாவையும் ஹாங்காங்கையும் வென்ற இந்தியா, போட்டியை நடத்திய இஸ்ரேலிடம் மட்டும் தோற்றது. ஆசியக் கோப்பையில் இந்தியா இதுவரை எட்டிய மிக உயர்ந்த இடம் அதுவே. அந்த அணியின் பின்களத்திலும் ஜர்னைல் சிங் இருந்தார்.

அதே 1964-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவருக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பி.கே. பானர்ஜி, துளசிதாஸ் பலராம், சுனி கோஸ்வாமி ஆகியோர் அவ்விருதைப் பெற்றிருந்தனர். மூவரும் முன்கள வீரர்கள். அவர்களை அடுத்து விருது பெற்ற தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங். அடுத்த ஆண்டு அருண் கோஷும், 1967-இல் பீட்டர் தங்கராஜும் அவ்விருதைப் பெற்றனர்.

1965 முதல் 1967 வரை ஜர்னைல் சிங் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். இதே காலகட்டத்தில், ஆசியக் கண்டத்தின் சிறந்த வீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட ஆசிய நட்சத்திர அணியின் தலைவராகவும் அவர் தேர்வு செய்யப்பட்டார். இப்பெருமையைப் பெற்ற ஒரே இந்தியர் அவரே.

ஆனால், இந்திய அணியின் சரிவும் அவருடைய தலைமைக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், நான்கு ஆண்டுகளுக்கு முன் தங்கம் வென்ற இந்தியா குழுச் சுற்றைத் தாண்டவில்லை. ரஹீம் மறைந்துவிட்டார்; ஜகார்த்தாவின் பொன்னான முன்கள வரிசையும் கலைந்து கொண்டிருந்தது. ஜப்பான், ஈரான் போன்ற நாடுகள் தங்கள் கால்பந்தைத் திட்டமிட்டு வளர்க்கத் தொடங்கியிருந்தன. வெற்றியின் உச்சத்தையும் தோல்வியின் தொடக்கத்தையும் ஒரே தலைமுறையில் கண்டவர் ஜர்னைல் சிங்.

பயிற்சியாளராகப் புதிய பாதை

1960-களின் இறுதியில் மோகன் பகானிலிருந்து விடைபெற்ற ஜர்னைல் சிங் பஞ்சாபுக்குத் திரும்பினார். அங்கு அவருடைய இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது.

இந்தியாவில் அப்போது தொழில்முறைக் கால்பந்து இல்லை. வீரர்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு நிறுவனத்திலோ அரசுத் துறையிலோ பணியில் இருந்தபடி விளையாடினர். பயிற்சியாளர்களின் நிலையும் அதுவே. இன்று உள்ளதுபோல் படிப்படியான பயிற்சியாளர் உரிமங்களோ, ஒப்பந்த ஊதியமோ, உதவியாளர் குழுவோ கிடையாது. தாம் விளையாடிக் கற்றதையும், தம் பயிற்சியாளரிடம் பார்த்துக் கற்றதையும் அடுத்தவருக்குச் சொல்லித்தருவதே பயிற்சி எனப்பட்டது.

மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பை 1941-இல் தொடங்கப்பட்டது. அதன் பட்டியலில் வங்காளத்தின் ஆதிக்கமே நீண்ட காலம் நிலவியது. பஞ்சாப் தன் முதல் பட்டத்தை 1970-71 பருவத்தில்தான் வென்றது. அடுத்த பட்டம் 1974-75 பருவத்தில் ஜலந்தரில் கிடைத்தது. அந்த இரண்டாவது வெற்றியின்போது பஞ்சாப் அணியின் பயிற்சியாளராக இருந்தவர் ஜர்னைல் சிங்.

அவ்வணியின் தலைவர் இந்தர் சிங். 1964 ஆசியக் கோப்பையில் ஜர்னைல் சிங்குடன் இணைந்து விளையாடிய முன்கள வீரர் அவர். அந்த ஒரே சந்தோஷ் கோப்பைத் தொடரில் இந்தர் சிங் 23 கோல்களை அடித்துச் சாதனை படைத்தார். இறுதிப்போட்டியில் வங்காளத்தை 6-0 என்ற கணக்கில் பஞ்சாப் வீழ்த்தியது. கால்பந்தின் தலைநகராகத் தன்னைக் கருதிய வங்காளத்துக்கு அது பெரும் அதிர்ச்சி.

இந்த வெற்றியில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. தடுப்பாட்டக்காரராக வாழ்ந்த ஒருவர் பயிற்றுவித்த அணி, தற்காப்பில் முடங்காமல் கோல் மழை பொழிந்தது என்பது முதலாவது. முன்கள வீரரின் இயல்பை அவர் பின்களத்திலிருந்து பல்லாண்டுகள் படித்தவர்; ஜகார்த்தாவில் அந்த இடத்தில் நின்றும் பார்த்தவர். தம்மை வளர்த்தெடுத்த கல்கத்தா கால்பந்தின் நுணுக்கங்களைச் சொந்த மண்ணுக்குக் கொண்டு வந்து, அதே வங்காளத்துக்கு எதிராகப் பயன்படுத்தினார் என்பது இரண்டாவது.

இந்திய அணியின் பயிற்சிப் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. எனினும், ஒரு பயிற்சியாளரிடம் பல ஆண்டுகள் அணியை ஒப்படைத்துப் பொறுமை காக்கும் வழக்கம் அக்காலத்தில் வேரூன்றவில்லை. ரஹீமுக்குக் கிடைத்த நீண்ட அவகாசம் அவருக்குப் பின் வந்தவர்களுக்குக் கிடைப்பது அரிதாயிற்று.

துறை இயக்குநர்

ஜர்னைல் சிங் பஞ்சாப் மாநில விளையாட்டுத் துறையில் 1985 முதல் 1990 வரை துணை இயக்குநராகவும், 1990 முதல் 1994 வரை இயக்குநராகவும் பணியாற்றினார். அந்த ஆண்டுகள் பஞ்சாபுக்கு மிகக் கடினமானவை. தீவிரவாதமும் அதற்கு எதிரான நடவடிக்கைகளும் மாநிலத்தின் அன்றாட வாழ்வைப் பாதித்திருந்தன. கிராமத்து இளைஞர்கள் மாலையில் மைதானத்துக்குச் சென்று வீடு திரும்புவதே கவலைக்குரிய செயலாக இருந்த காலம் அது. பிரிவினைக் காலத்துச் சிறுவனாக வளர்ந்த ஒருவர், தம் ஐம்பதுகளில் மீண்டும் அமைதியிழந்த பஞ்சாபைக் காண நேர்ந்தது. அத்தகைய சூழலில்தான் மாநிலத்தின் விளையாட்டுப் பொறுப்பு அவரிடம் இருந்தது.

அவர் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில், 1996-97 பருவத்தில் இந்தியாவின் முதல் தேசியக் கால்பந்து லீக் நடத்தப்பட்டது. அதில் பட்டம் வென்றது கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் அல்ல; பஞ்சாபின் பக்வாராவைச் சேர்ந்த ஜே.சி.டி. அணி. மாஹில்பூரில் விதைக்கப்பட்டு, ஜர்னைல் சிங், இந்தர் சிங் போன்றோரால் வளர்க்கப்பட்ட பஞ்சாப் கால்பந்துக்குக் கிடைத்த தேசிய அங்கீகாரமாக அவ்வெற்றி அமைந்தது.

புனே வரை நீளும் மரபு

பின்களத்தில் நின்று ஆட்டம் முழுவதையும் பார்க்கும் வாய்ப்பு தடுப்பாட்டக்காரருக்கு உண்டு. சக வீரர்களின் இருப்பிடத்தைக் கவனித்துக் குரல் கொடுத்து வழிநடத்துவதும் அவருடைய பணியே. தடுப்பாட்டக்காரர்கள் பலர் பயிற்சியாளராக மாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

தொழில்முறைக் காலத்தில் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு மகாராஷ்டிரத்தில் உள்ளது. கோவாவைச் சேர்ந்த முன்னாள் தடுப்பாட்டக்காரரான டெரிக் பெரேரா, 2005-06 தேசிய லீக் பட்டத்தை மஹிந்திரா யுனைடெட் அணிக்குப் பெற்றுத் தந்தார். பின்னர், 2007-இல் தொடங்கப்பட்ட புனே எஃப்.சி. அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்று, 2012-13 ஐ-லீக் பருவத்தில் அவ்வணியை இரண்டாம் இடத்துக்கு உயர்த்தினார். புனேவின் பாலேவாடி அரங்கில் கால்பந்து ரசிகர்கள் கூடிய ஆண்டுகள் அவை.

ஜர்னைல் சிங்குக்கும் புனே அணியின் பயிற்சியாளருக்கும் இடையே உள்ள வேறுபாடு திறமையில் இல்லை; கட்டமைப்பில் உள்ளது. பின்னவருக்கு உரிமம், ஒப்பந்தம், முழுநேர வீரர்கள், நாடு தழுவிய லீக் ஆகியவை இருந்தன. முன்னவருக்கு மாநில அணியும் அரசுப் பணியும் மட்டுமே இருந்தன. அவருடைய அனுபவத்தை ஆண்டு முழுவதும் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய கிளப் அமைப்பு ஒன்று 1970-களில் இருந்திருந்தால், பயிற்சியாளர் ஜர்னைல் சிங்கின் சாதனைப் பட்டியல் இன்னும் நீண்டிருக்கக்கூடும். அதே வேளையில், கட்டமைப்பு மட்டும் போதாது என்பதையும் புனே உணர்த்துகிறது. புனே எஃப்.சி. இன்று இயங்கவில்லை. அதன்பின் வந்த புனே சிட்டி அணியும் 2019-இல் கலைக்கப்பட்டது.

கனடாவில் முடிந்த பயணம்

ஜர்னைல் சிங் தம் இறுதிக் காலத்தைக் கனடாவில் கழித்தார். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் தேதி வான்கூவரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 64. ஒரு இலட்சம் பேரின் எதிர்ப்புக் கூச்சலுக்கு நடுவே நாட்டுக்காகக் கோல் அடித்தவரின் மறைவு, பிறந்த மண்ணிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்தது.

அவருடைய சொந்தப் பகுதியான கர்ஷங்கரில் அவர் பெயரால் நினைவுக் கால்பந்துப் போட்டி நடத்தப்பட்டு வருகிறது. கல்லூரி அணிகளும் கிராமத்து அணிகளும் அவருடைய பெயர் பொறித்த கோப்பைக்காக மோதுகின்றன.

1962-க்குப் பின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்தில் இந்தியா மீண்டும் தங்கம் வெல்லவில்லை. 1970-இல் பாங்காக்கில் கிடைத்த வெண்கலமே அப்பிரிவில் இந்தியாவின் கடைசிப் பதக்கம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, ஜகார்த்தா இறுதிப்போட்டியில் இந்தியா அடித்த கடைசி கோலுக்குச் சொந்தக்காரர் என்ற குறிப்பு, பனாம் கிராமத்தின் அந்தத் தடுப்பாட்டக்காரர் பெயரிலேயே நீடிக்கிறது.